ஒரு வாய்த் தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானும் குழந்தையும் சுகமா? இருக்கும் ஒரே அறையில் போனில் பேசினால் அம்மா காதில் விழும். அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

சிறுநீரை அடக்க முடியாததற்கு அம்மா சாப்பிடும் மாத்திரை உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வயிறு கட்டிக்கொண்டது. வேறொரு டாக்டர், தண்ணீரில் கலந்து குடிக்கும் பொடி கொடுத்தார். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று அப்பா என்னைத்தான் கேட்டார். "காலேஜ் படிச்சவ, உனக்குத் தெரியாதா?" நான் படித்தது வணிகவியல் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

மருந்துக்கடையில் கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றேன். குறையவே இல்லை. மெதுவாகக் கேட்டேன். "யாருக்கும்மா மலச்சிக்கல், உனக்கா?" என்று கடைக்காரர் சத்தம் போட, அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். ஆனால் நல்ல மனிதர். "ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாது. ஆனா வயித்தைக் கட்டுறதே இந்த மாத்திரையா இருக்கலாம், டாக்டர்கிட்ட சொல்லு. பொடிக்குத் தண்ணி நிறைய வேணும். இல்லேன்னா உள்ளேயே கெட்டியாகி அடைச்சுக்கும்" என்றார்.

அம்மா தண்ணீரே குடிப்பதில்லை, அக்கா. தையல் கம்பெனியில் எழுந்து போனால், "மறுபடியுமா?" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்கிறானாம். பாட்டில் நிரம்பியபடியே வீடு திரும்புகிறது. பொடியை ஒரு வாய்த் தண்ணீரில் குழைத்து விழுங்குகிறாள்.

மாத்திரை கொடுத்த டாக்டரிடம் நானே போனேன். "பேஷன்ட்டைக் கூட்டிட்டு வாம்மா" என்றார், தலை நிமிராமல். அம்மாவோ, "அந்த ஆம்பளைகிட்ட இன்னொரு தடவை இதையெல்லாம் சொல்லணுமா?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வயிறு கல்லாக இருக்கிறது. நேற்று என்னை உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். திருத்தினேன். மறுபடியும் உன் பெயர்தான்.

துணி நனைந்தால் நனையட்டும், நான் துவைக்கிறேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும். பக்கத்தில் போய் உட்காருகிறேன், வேறு எதையோ பேசிவிட்டு எழுந்து வருகிறேன். இதையெல்லாம் அவள் உன்னிடம் மட்டும்தான் பேசுவாள்.

யாருக்கு எழுதுகிறாய் என்று இப்போதுதான் கேட்டாள். உனக்கு என்றேன். "நல்லா இருக்கேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

நீ போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. டிக்கெட் கிடைக்குமா என்று மட்டும் பாரேன், அக்கா.

உன் தங்கை