உயிருள்ள கயிறு

அலையையே அதட்டி அடக்கிய என் மச்சான் சில்வேஸ்டருக்கு,

நான் இப்போது உன் மகள் டிலானியின் ஆராய்ச்சி நிலையத்தில் பாதுகாப்பு மகாசேனாதிபதி. சம்பளச் சீட்டில் 'காவலாளி' என்று போட்டிருக்கிறார்கள், அச்சுப்பிழை. நம் அரிப்பு ஊர்க் கரையில் பல்கலைக்கழகம் கட்டிய உயிர்மருத்துவ நிலையம் இது. படித்துவிட்டு வேலையில்லாமல் நின்ற பிள்ளைகளைக் கூட்டி வந்து, கடல்பாம்பின் நஞ்சுக்கு மருந்து தேடுகிறாள். உன்னைக் கொன்ற இனத்தைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து, மீன் கொடுத்து வளர்க்கிறாள் மச்சான்!

ஏனென்று உனக்குத் தெரியாதா? கடலுக்குப் போகிறவன் வாயால் அதன் பெயரைச் சொல்லக்கூடாது, 'கயிறு' என்றுதான் சொல்லவேண்டும் என்பது உங்கள் வழக்கம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நீ அதை விடவில்லை. "கயிறு அறுத்துப்போட்டுது" என்றாய். வலைக்கயிறு என்று நினைத்து, மருந்து பூசி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் தாடை பூட்டிக்கொண்டது. சிறுநீர் கறுத்துப் போனது. உடம்பு விறகாய் விறைக்க, வாய் திறக்காமலே போனாய்.

சென்ற வாரம் இங்கே உலக யுத்தம். உன் வள்ளத்தில் உன்னோடு தொழிலுக்கு வந்த சூசை இருக்கிறானே, அவனுடைய தம்பியும் அதே மாதிரிக் கடிபட்டு இறந்தான். அடக்கம் முடிந்த கையோடு சூசை கோடரியுடன் வந்தான், பின்னால் கரையே வந்தது. நான் தனி ஒருவனாக ஆயிரம் பேரைத் தடுத்தேன். சரி, முப்பது பேர். சரி, தடுக்கவில்லை, வாசல் கேற்றோடு சேர்த்து என்னையும் சாய்த்துவிட்டுப் போனார்கள்.

"நீங்கள்தானேடா கயிறு வளர்த்துக் கடலில விடுறியள்!" என்று சூசை கத்தினான்.

முன்னால் நின்றவன் பிரதீபன், டிலானி கூட்டி வந்த பிள்ளைகளில் ஒருவன். அற்றன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, கடலைக் கண்டே ஒரு வருசம் ஆகவில்லை. "ஐயா, இங்க கயிறே இல்லைங்க. வேணும்னா தேடிப் பாருங்க," என்றான், பாவம், மெய்க் கயிறு என்றே நினைத்து.

நக்கல் என்று நினைத்தான் சூசை. கோடரிக்காம்பு பிரதீபனின் நெற்றியைப் பிளந்தது. இரத்தம் கண்ணை மூடியது. அடுத்த வீச்சில் தொட்டி வெடித்தது. கண்ணாடியும் தண்ணீரும் பாய்ந்ததில் சூசை சறுக்கி விழுந்தான். கையூன்றிய இடத்தில் அது கிடந்தது.

எழுந்தவன் கையைப் பார்த்தான். "கயிறு… கயிறு அறுத்துப்போட்டுது."

உன் வார்த்தை மச்சான். அச்சொட்டாக உன் வார்த்தை.

டிலானி பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினாள். "பாம்பு எண்டு சொல்லுங்கோ சித்தப்பா! அப்பா சொல்லாமல்தான் செத்தவர். ஆஸ்பத்திரியில நீங்களும் கயிறு எண்டால் சாவீங்கள். சொல்லுங்கோ!"

அவன் கண் தன்னோடு வந்த ஆட்களிடம் போய்த் திரும்பியது.

"பாம்பு," என்றான் சூசை. சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான்.

நெற்றியிலிருந்து ஒழுக ஒழுக, பிரதீபன்தான் தன் வெள்ளைக் கோட்டைக் கிழித்து அந்தக் கையை அசையாமல் பலகையோடு கட்டினான். நஞ்சுக்கு இங்கே இன்னும் மருந்து இல்லை. ஆனால் பாம்பு என்று நேரத்தோடு தெரிந்ததால் ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். சூசை இருக்கிறான், கஞ்சி சரியில்லை என்று தாதிமாரோடு சண்டை பிடிக்கிறான்.

பிள்ளைகள் பயந்து வேலையை விட்டுப் போனால் நிலையத்தைப் பூட்டிவிடுவோம் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. பிரதீபனின் தாய் தொலைபேசியில் அழுகிறாள். தையல் போட்ட தலையோடு அவன் சொல்கிறான்: "அம்மா, சூசை ஐயாவோட ரத்தத்த நான்தான் சோதிச்சுப் பாக்கணும். முடிச்சிட்டு வாறேன்." முடிகிற வேலையா அது? மற்றப் பிள்ளைகளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். நேற்று சூசையின் ஆட்கள் புதுக் கண்ணாடியோடு வந்தார்கள். என் முகத்தைப் பார்க்காமல், கேற்றையும் நிமிர்த்திவிட்டுப் போனார்கள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், இதில் மிகைப்படுத்தல் இல்லை. இனி இந்த வாசலுக்கு எவன் வந்து கயிறு அறுத்தது என்றாலும் நான் கேட்பேன்: "உயிருள்ள கயிறோ, உயிரில்லாத கயிறோ?"

உன்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி.

உன் பெண்சாதியின் அண்ணன்,
உன் மகளின் தாய்மாமன்.