விளாத்திக்கட்டில் எனக்கு மூன்று கோல்

அண்ணை,

கோதுமை மாப் பசையை அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்திருக்கிறேன். தபாற் கந்தோர் முழுக்க அந்த மணம்தான். நான் பசை கிண்டினால் சுவரில் ஏதோ அறிவித்தல் ஏறப்போகிறது என்று உங்களுக்குத் தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்று, எனக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயரால் கூப்பிட்டு, "முத்திரை, இந்த முறை ஆருடைய தலையிலை கை வைக்கப் போறாங்கள்?" என்று கேட்பீர்கள். இந்த முறை உங்கள் தலையில்தான்.

கிராமச் சங்கத்திலிருந்து வந்த தாள். விளாத்திக்கட்டு வட்டார உறுப்பினர், அதாவது நீங்கள், காலமானதால் இடம் வெறுமையாகியிருக்கிறதாம். அது அந்த ஊரில் குடியிருப்பவருக்கென்றே ஒதுக்கிய இடமாம். வரும் வெள்ளிக்கிழமைக்குள் ஊரார் எவரும் முன்வராவிட்டால் வட்டாரத்தை எங்கள் தனபுரத்தோடு சேர்த்துவிடுவார்களாம், பெயரும் இராதாம். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இந்த அவசரத்தை றோட்டுப் போடுவதில் காட்டியிருந்தால் உடையார்கட்டுவரை எப்போதோ தார் வந்திருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் பசை அடிப்பிடித்துவிட்டது.

முதற் பிழை என்னுடையது. நீங்கள் அதை ஒருநாளும் நாலுபேர் நடுவில் சொல்லிக்காட்டவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

நாங்கள் வடமராட்சியிலிருந்து குடியேற்றக் காணிக்கு வந்த சனம். ஆளுக்கு ஒரு வயல், ஒரு மேட்டுக்காணி, பெரிய குளத்திலிருந்து வாய்க்காலில் தண்ணீர். எங்கள் குடியேற்றச் சங்கத் தலைவர் அந்த இடத்துக்குத் தனபுரம் என்று பெயர் வைத்தார். உபதபாற் கந்தோரை என்னிடம் தந்தார்கள். அரைமைல் தள்ளிப் போனால் உங்கள் ஊர்: இருபத்தெட்டு வீடு, ஒரு சின்னக் குளம். எங்கள் தொகை பெருகியதும் உங்கள் குரல் அடிபட்டுப் போகக்கூடாது என்று ஒரு வட்டாரத்தை விளாத்திக்கட்டுக்கென ஒதுக்கியிருந்தார்கள். குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடத் துருசுக் கதவு கேட்பதானாலும் கிணறு கேட்பதானாலும் சங்கத்தில் எழும்பி நிற்க உங்களுக்கு இருந்தது அந்த ஒரு கதிரைதான்.

வாக்காளர் இடாப்பு எழுத வேண்டிவந்தபோது, என் கையெழுத்து அழகு என்று விதானையார் அந்த வேலையை என்னிடம் தந்தார். வீடு வீடாக வந்தேன். "ஊர்?" என்று கேட்டேன். வீட்டுக்கு வீடு "தனபுரம்" என்றார்கள். உங்கள் ஊருக்குக் காயிதம் என் கந்தோருக்குத்தான் வரும். அரசாங்கத் தாளோடு ஒருவன் வந்து ஊரைக் கேட்டால் காயிதம் வரும் இடத்தைச் சொல்லவேண்டும் என்று நினைத்துவிட்டார்கள். நீங்களும் அப்படித்தான் சொன்னீர்கள். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, குந்தியிருந்த இடம் எது என்றுகூட யோசிக்காமல், இருபத்தெட்டு வீட்டையும் தனபுரம் என்று அழகாக எழுதினேன்.

இடாப்பு அச்சாகி வந்தது. விளாத்திக்கட்டில் ஒரு மனிதர்கூட இல்லை. மனிதர் இல்லாத ஊருக்குப் பெயர் எதற்கு, ஒதுக்கிய இடம் எதற்கு என்று எங்கள் தலைவர் முல்லைத்தீவு நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அன்றுதான் நீங்கள் இடாப்போடு என் கந்தோருக்கு வந்தீர்கள்.

"முத்திரை, என்ரை வீடு எப்ப எழும்பி உங்கடை காலனிக்கு நடந்து வந்தது?"

"நீங்கள்தானே அண்ணை சொன்னீங்கள்."

"நான் காயிதம் வாற இடத்தைச் சொன்னனான். நீ மனிசர் இருக்கிற இடத்தையெல்லோ எழுதியிருக்கவேணும்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "வாயாலை கேளாதை. நாளைக்கு வந்து மண் போடு" என்றீர்கள்.

உங்கள் ஊர் முறை எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. மாரிக்கு முன்னர் ஒவ்வொரு வீட்டுக்காரரும் குளக்கட்டில் தங்கள் பங்குக்கு மண் போடவேண்டும். வயலின் அளவுக்கு ஏற்ப, கோலால் அளந்து விட்ட பங்கு. வயல் கைமாறினால் கட்டின் பங்கும் கூடவே போகும். ஆள் இல்லாமல் அழிந்துபோன ஒரு வீட்டின் மூன்று கோல் நீளத்தை என்னிடம் காட்டினீர்கள். முத்திரை குத்திய கை இரண்டு நாளில் கொப்பளித்துவிட்டது. நான் போட்ட மண் மூன்றாம் நாள் மழையில் சரிந்தது. ஊரே நின்று சிரித்தது. உங்கள் மனுசி, மச்சாள்தான், தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தந்தா.

முல்லைத்தீவுக் கோட்டில் வழக்கு விளங்கிய அன்று விளாத்திக்கட்டுக்காக வாதாடிய பிறக்கிராசியார் பாவம், கையில் ஒரு வரைபடமும் இல்லாமல் நின்றார். நீங்கள் கூண்டில் ஏறினீர்கள். ஊர் இருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள். துருசிலிருந்து தொடங்கி, மிச்சத் தண்ணீர் வான் பாயும் இடம் வரைக்கும், எந்தக் கோல் எந்த வீட்டுடையது, அதற்கு முன் யாருடையது என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தீர்கள். பாடமாக்கினால் எவரும் சொல்லலாம் என்றார் எதிர்ப்பக்க வழக்கறிஞர். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். இடாப்பை எழுதியவன் நான், பிழை என்னுடையது என்றேன்.

"நீர் தனபுரத்து ஆள். அந்த ஊரிலை உமக்கு என்ன இருக்குது?"

"கட்டிலை மூண்டு கோல் இருக்குது" என்றேன்.

கோடு சிரித்தது. நீதவான் சிரிக்கவில்லை. கட்டைத் தானே பார்க்கவேண்டும் என்றார்.

சொன்னபடி ஜீப்பில் வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கட்டில் நடந்தார். கண்ணுள்ளவனுக்கு அங்கே வேறு சாட்சி தேவையில்லை. ஒரு பங்கு புல் பிடித்து இறுகியிருக்கும். அடுத்தது கல் அடுக்கியிருக்கும். அடுத்தது சோம்பேறியின் பங்கு, பள்ளமும் திட்டியும். "இந்த ஊரும் தனபுரம் எண்டால் தலைவரையும் ஒரு பங்கு காட்டச் சொல்லுங்கோ ஐயா" என்றீர்கள். வாய்க்கால் தண்ணீரில் கமம் செய்கிறவர் எதைக் காட்டுவார்? வானத்தைப் பார்த்தார். நீதவான் நடந்து நடந்து, கோணலும் மாணலுமாகக் கிடந்த ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"இது ஆருடையது?"

"என்ரை, ஐயா" என்றேன்.

அப்போது அவரும் சிரித்துவிட்டார். பெயரைத் திரும்ப இடாப்பில் எழுதவும் ஒதுக்கிய இடத்தை அப்படியே விடவும் கட்டளை வந்தது. அதன்பிறகு எங்கள் தலைவர் என் கையால் முத்திரை வாங்கவில்லை. ஒரு முத்திரைக்காகப் பரந்தனுக்குப் பஸ் ஏறினார். என் மனுசியோடு கிணற்றடியில் ஒரு வருசம் ஒருவரும் கதைக்கவில்லை. எனக்கு அதில் ஒரு சொட்டு வருத்தமும் இல்லை. நான் சரியாகச் செய்த காரியங்களை எண்ணினால் அது முதலாவது.

அண்ணை, நீங்கள் இல்லாதது எனக்குப் பெரிய இழப்பு. கந்தோர் வாசலில் நிழல் விழுந்தால் இன்னும் நிமிர்ந்து பார்க்கிறேன். ஆனால் அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம், சண்டைக்கு ஆயத்தமாகிக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் மண்வெட்டி என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் பங்கு என் பங்குக்குப் பக்கத்தில் என்பதால் இந்த மாரிக்கு இரண்டையும் நானே போடுகிறேன். இப்போது என் மண் சரிவதில்லை.

இன்று காலை அறிவித்தலைப் பற்றிக் கேள்விப்பட்டு மச்சாள் வந்தா. வெள்ளைச் சேலை, கையில் ஊன்றுகோல்.

"தம்பி, ஊரிலை ஆம்பிளையள் ஆரும் நிக்கமாட்டினமாம். தலைவருக்குப் பயம். கடைசி நாள் எப்ப?"

"வெள்ளி, மச்சாள்."

"அப்ப நான் நிக்கிறன். தாளைத் தா."

தாளை எடுத்துப் பேனையை மையில் தொட்டு நிரப்பத் தொடங்கினேன். பெயர் எழுதினேன். வயது எழுதினேன். அடுத்தது ஊர். மச்சாள் என் கையிலிருந்து பேனையைப் பிடுங்கினா.

"அதை நீ எழுதாதை. அதை நான் எழுதிறன்."

எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினா. விளாத்திக்கட்டு. கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் போய் நிற்கிறது. நான் திருத்தவில்லை. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் மச்சாளோடு போய் நானே கொடுக்கப்போகிறேன். இத்தனை வருசம் தபாற் கந்தோர் வைத்திருக்கிறவன்தான், என்றாலும் இந்தத் தாளைத் தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை.