தொண்ணூற்றாறு மில்லிமீட்டர்

அக்டோபர் 19, சனி

மேல் சரிவில் லார்ச் மரங்கள் முழுக்க மஞ்சள். அவற்றுக்கு மேலே, உச்சியில், யாரோ மாவு சலித்துவிட்டுப் போனது போல ஒரு வெள்ளை. காபியோடு பின்வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காபி ஆறிப்போனது.

டிசம்பரிலிருந்து ஸ்கீ பண்ணலாம் என்று சொல்லிவிட்டார் டாக்டர். மார்ச்சில் பனிச்சறுக்கில் விழுந்து முழங்கால் நார் அறுந்தது, அறுவை நடந்தது, அப்புறம் கோடை முழுக்க நகராத சைக்கிளும் மெதுநடையும். "மெதுவா ஆரம்பிங்க மார்னி" என்றார். நானும் டாக்டர்தானே, பல் டாக்டர். "வலிக்காது, வாயைத் திறங்க" என்று நான் சொல்கிற அதே குரல் அது.

அந்த விழுதலில் ஸ்கீ பலகையும் முறிந்தது. புதுசு வாங்க வேண்டும். எல்லாச் சரிவுக்கும், எல்லாப் பனிக்கும் ஒரே ஜோடி. எங்கள் ஊரில் வீடு வாங்கும்போதுகூட இவ்வளவு யோசிக்க மாட்டார்கள்.

அக்டோபர் 23

கனவில் தரையே இல்லாத பனி. விழுந்துகொண்டே இருந்தேன், பயமே இல்லை.

அக்டோபர் 27

சாப்பாட்டு மேஜை முழுக்க ஸ்கீ விலைப்பட்டியல்கள். பாதத்துக்கு அடியில் வரும் பாகத்தை இடுப்பு என்போம். எல்லாம் அதன் அகலத்தில்தான் இருக்கிறது. குறுகின இடுப்பு கெட்டிப் பனியில் கத்தி போலப் பிடிக்கும், புதுப்பனியில் புதையும். அகல இடுப்பு புதுப்பனியில் மிதக்கும், கெட்டிப் பனியில் தடுமாறும். இரண்டையும் ஒரே பலகையில் தருகிறேன் என்று எல்லாக் கம்பெனியும் சத்தியம் செய்கிறது.

கால்வின் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் இடுப்பைப் பத்தி ஒரு வரியாவது படிச்சிருக்கியா?"

"உன் இடுப்பு வருஷா வருஷம் புது மாடல்ல வருது. எதைப் படிக்கிறது?"

சிரித்தான். அப்புறம் நான் எழுந்ததும் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டான். கையை நீட்டினான். மேஜையிலிருந்து அடுப்புக்குப் போவதற்கு எனக்கு எதற்குக் கை?

நவம்பர் 3

இதை எழுதிவிட்டால் கொஞ்சம் ஆறும் என்று தோன்றுகிறது.

கோடையில் ஏரியைச் சுற்றி நடக்கப் போனபோதெல்லாம் கால்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றான். பூ பார்க்கிற மாதிரி, ஷூ கயிறு கட்டுகிற மாதிரி. ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் ஷூ கயிறு கட்டுவான்! பாசம்தான். தெரியாமலா இருக்கிறது? ஆனால் எனக்கு நெஞ்சுக்குள் எரிந்தது.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. புதுப்பனி கொட்டிய நாளில் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. புருஷன், பெண்டாட்டி, கூடப்பிறந்தவர்கள், யாரானாலும் சரி. முந்தியவன் போய்க்கொண்டே இருப்பான், பிந்தியவள் கோபிக்க மாட்டாள். சாயங்காலம் பியர் குடிக்கும்போது எல்லோரும் மறுபடி உறவுக்காரர்கள். கால்வினை எனக்குப் பிடித்ததே அதனால்தான். பழக ஆரம்பித்த குளிர்காலத்தில் என்னைக் காட்டுக்குள் அப்படியே விட்டுவிட்டுப் போனான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவன் என்னை நோஞ்சான் என்று நினைக்கவில்லை என்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன்!

அந்தக் கால்வின் எனக்குத் திரும்ப வேண்டும். புதுப்பனி நாளில் அவன் எனக்காக நிற்கக் கூடாது. இந்த வருஷம் வேறொன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 9, சனி

சமூகக் கூடத்தில் ஸ்கீ சங்கத்தின் பழைய சாமான் விற்பனை. கதவு திறப்பதற்கு முன்பே தெருமுனை வரை வரிசை. ஈரக் கம்பளி வாசம், மெழுகு வாசம். ஒரு கணம் குழந்தையாகிவிட்டேன்.

ஒரு ஜோடியைப் பார்த்தேன், மனசைப் பறிகொடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர் இடுப்பு, நூற்றெண்பத்து நான்கு சென்டிமீட்டர் நீளம், உள்ளே உலோகத் தகடு. கருநீலம். யாரோ ஒரு தடியன் ஒரே பருவம் ஓட்டியது. கையில் தூக்கியதும் கனவில் வந்த பனி எனக்கடியில் விரிந்தது. இதில் நின்றால் காட்டுக்குள் கால்வினுக்கு முன்னாலேயே போய்விடலாம்.

லூபா பக்கத்தில் வந்து நின்றாள். மலையில் மீட்புக் குழுவில் இருக்கிறாள், பள்ளிக்கூட நாளிலிருந்து என் சிநேகிதி. வாய்க்குப் பூட்டே கிடையாது.

"அடியே, இது ஸ்கீயா, படகா?"

"புதுப்பனிக்கு."

"வருஷத்துல அப்படி எத்தனை நாள் வருது? மத்த நாளெல்லாம் இந்தப் படகை வச்சுத் துணி காயப் போடுவியா?"

"உனக்குப் பொறாமை."

"எனக்கு உன் மூட்டு மேல பயம்டி, அவ்வளவுதான்."

வாங்கிவிட்டேன். நவம்பரில் இந்த ஊரில் யார்தான் ஒழுங்கான புத்தியோடு இருக்கிறார்கள்? எல்லோரும் ஆழப் பனி நாளை நினைத்தே வாங்குகிறோம், பிறகு நாலு மாசம் ஐஸ் மேல் வழுக்குகிறோம். எனக்கு முடி வெட்டுகிற பார்பர்கூட அப்படித்தான், நான் மட்டுமா?

டிசம்பர் 7, சனி

மலை திறந்தது! லிஃப்டில் உட்கார்ந்து கால்கள் காற்றில் தொங்கியபோது அழுகை வந்தது. பனிக்கண்ணாடிக்குள் அழுதேன், யாருக்கும் தெரியாது.

புதுப்பனி இல்லை. எந்திரம் இழைத்துவிட்ட கெட்டிச் சரிவு மட்டும். நீலப் படகு திரும்பவே மாட்டேன் என்கிறது. ஓரத்தைச் சாய்க்க ஒவ்வொரு தடவையும் முழங்காலை வைத்து நெம்ப வேண்டியிருக்கிறது. கால்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றான். இங்கே கட்டுவதற்குக் கயிறு இல்லை, அதனால் கையுறையைக் கழற்றிக் கழற்றிப் போட்டான்.

டிசம்பர் 8

மூட்டு வீங்கியிருக்கிறது. சொல்லவில்லை.

டிசம்பர் 15

சண்டை.

மாடிப்படியில் பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டான். ஐஸ் பையைக் கொண்டுவந்து மூட்டில் வைத்துவிட்டு, மெதுவாகத்தான் ஆரம்பித்தான்.

"அந்தப் பலகை உனக்கு வேணாம் மார்னி. அகலம் கம்மியா ஒண்ணு எடுத்துக்கோ."

"எடுத்துட்டு? பனி கொட்டுற அன்னிக்கு நீ காட்டுக்குள்ள போவே, நான் இழைச்ச சரிவுல கிழவிங்களோட சுத்தி வரணுமா?"

"நான் ஏன் போறேன்? உன்கூடவே இருக்கேன்."

"அதுதான் வேணாங்கறேன்! நீ நிக்காதே! எனக்காக எங்கேயும் நிக்காதே!"

அவன் முகம் செத்துப்போனது. "மார்ச்ல நான் நிக்காமதான் போனேன். கீழே போய் லிஃப்ட் வரிசையில நின்னு சாக்லேட் தின்னுட்டிருந்தேன். நீ மேலே கிடந்தே. லூபா தூக்கிட்டு வர்ற வரைக்கும் எனக்குத் தெரியாது."

இதை ஒரு தடவைகூட அவன் சொன்னதில்லை. என் முழங்காலைப் பற்றியே ஒன்பது மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மடச்சி. ஐஸ் உருகி மெத்தையெல்லாம் ஈரம்.

டிசம்பர் 16

அவனை நிற்காதே என்று கத்தினால் நிற்காமல் இருப்பானா? அவன் பயம் போனால்தான் போவான். நான் தடுமாறிக்கொண்டே இருந்தால் எப்படிப் போகும்?

டிசம்பர் 29

மூட்டு வற்றிவிட்டது. லூபா ஒரு பெரிய பானை போர்ஷ் சூப் கொண்டுவந்தாள், அவள் வீட்டு வழக்கப்படி பீட்ரூட் குறைச்சல், வெண்ணெயும் கிரீமும் ஏராளம். நீலப் படகு வாசல் மூலையில் சாய்ந்திருந்தது. அதன் மேல் தன் கோட்டை மாட்டினாள்.

"சொன்னேன்ல, துணி காயப் போடத்தான்னு."

சிரிப்பு வந்து போர்ஷ் மூக்கில் ஏறிவிட்டது. அவளிடமே படகை விற்றுத்தரச் சொன்னேன்.

ஜனவரி 11, சனி

மலையடிவாரத்தில் கம்பெனிக்காரர்களின் கூடாரங்கள். டிரைவிங் லைசென்ஸைப் பிணையாகக் கொடுத்துவிட்டு எந்த ஸ்கீயையும் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரலாம். கால்வினை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு லூபாவோடு போனேன்.

பூட்ஸைப் பிடிக்கும் பூட்டை முடுக்குவதற்கு முன்னால் ஒரு பெண் கேட்டாள்: "எப்படி ஓட்டுவீங்க? நிதானமா, நடுத்தரமா, ஆக்ரோஷமா?"

"ஆக்ரோஷமா."

"நம்பாதீங்க, மூட்டு ஒட்டுப் போட்டது" என்றாள் பின்னாலிருந்து லூபா.

இங்கே இந்தக் கேள்விக்கு யாரும் உண்மை சொல்வதில்லை. ஆக்ரோஷம் என்றால் பூட்டை இறுக்கிவிடுவார்கள், விழுந்தால் பூட்ஸ் சட்டென்று கழலாது, கால் முறுக்கிக்கொள்ளும். எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் நடுத்தரம் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழும்பாது. அந்தப் பெண் மறுபடி கேட்டபோது எனக்கு எழும்பியது. ரொம்ப வெட்கமாகத்தான் இருந்தது.

முதலில் எண்பத்தெட்டு. கெட்டிப் பனியில் தண்டவாளத்தில் போவது போலப் போனது. ஆனால் ஓரத்தில் கிடந்த பழைய பனிக்குள் விட்டதும் மூக்கை நட்டுக்கொண்டது. அடுத்து நூற்று நான்கு, இரண்டு தகடு. பாதி வழியில் மூட்டு முனக ஆரம்பித்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது தொண்ணூற்றாறு. நீளம் நூற்று எழுபது. என்னைவிட ஒரு சாண்தான் அதிகம், போதாது என்று தோன்றியது, அதனால் மனசே இல்லாமல் மாட்டினேன். முனை இளக்கம், பாதத்துக்கடியில் மட்டும் கெட்டி.

என்ன நடந்தது என்று எழுதத் தெரியவில்லை. மேலே மேகம் இறங்கி இருந்தது. சரிவும் வானமும் ஒரே வெள்ளை. சாய்ந்தேன், அது சாய்ந்தது. நினைத்தேன், திரும்பியது. மேடுபள்ளம் வந்ததே தெரியவில்லை, பால் மேல் ஆடை மிதக்கிற மாதிரி போனேன். எங்கோ நடுவில் மேகம் கிழிந்து வெயில் விழுந்தது, பனித்துகள் எல்லாம் மினுமினுத்துக்கொண்டு காற்றில் நின்றது. எனக்கு வயசு இல்லை, பேர் இல்லை. கீழே வந்து நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது, எனக்கு ஒரு முழங்கால் இருக்கிறது என்று.

"ஏய், ஏன் இப்படிச் சிரிக்கிறே? மண்டையில அடிபட்டுச்சா?" என்றாள் லூபா.

ஜனவரி 14

தொண்ணூற்றாறு வீட்டுக்கு வந்துவிட்டது. கால்வின் தூக்கிப் பார்த்தான், விரலால் ஓரத்தைத் தடவினான். நல்லது என்று மட்டும் சொன்னான்.

ஆனால் புதுப்பனியில் இது எப்படிப் போகும்? படகு மாதிரி மிதக்காது. காட்டுக்குள் நான் புதைந்து நின்றால் அவன் நிச்சயம் நிற்பான். அப்புறம் எப்போதும் நிற்பான்.

ஜனவரி 27

மழை. மலை உச்சி வரைக்கும் மழை. ஊரே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு வாயைத் திறந்த ஒவ்வொரு நோயாளியும் வானிலையைத்தான் திட்டினார், என் விரல் உள்ளே இருக்கும்போதே.

பிப்ரவரி 8

வாரம் தவறாமல் கெட்டிச் சரிவில். நான் தடுமாறவில்லை. அவன் ஒன்றுவிட்டு ஒரு திருப்பத்தில்தான் நிற்கிறான். நானும் எதுவும் சொல்வதில்லை.

பிப்ரவரி 21

மத்தியானத்திலிருந்து கொட்டுகிறது. ஜன்னலுக்கு வெளியே எதுவுமே இல்லை. தெருவிளக்கும், அதைச் சுற்றி இறங்கிக்கொண்டே இருக்கிற வெள்ளையும்தான். கார் மூடிப்போனது. வேலி மூடிப்போனது. மறுநாள் வருகிற நோயாளிகளுக்கெல்லாம் போன் போட்டு வர வேண்டாம் என்றேன். யாருமே ஏன் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 22, சனி

முதல் சுற்றில் கால்வின் நின்றான். காட்டு விளிம்பில், ஒரு லார்ச் மரத்தடியில், என்னைப் பார்த்துக்கொண்டே. நான் பனியில் முழங்கால் வரை புதைந்துதான் வந்தேன். படகாக இருந்திருந்தால் மேலே மிதந்திருப்பேன். ஆனால் திரும்பியபோதெல்லாம் தொண்ணூற்றாறு திரும்பியது. பனி மார்பு வரை எழும்பி முகத்தில் விழுந்தது, வாயெல்லாம் பனி. அவனைத் தாண்டினேன், கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது.

இரண்டாம் சுற்றில் பக்கத்துப் பக்கத்தில் இறங்கினோம். அவன் ஓரிரு தடவை தலையைத் திருப்பினான்.

மூன்றாவதில் காட்டுக்குள் மரங்கள் எங்களைப் பிரித்தன. ஒரு சத்தமும் இல்லை. கிளைகளிலிருந்து பனி தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது. நான் என் பாட்டுக்குப் போனேன், நின்றேன், மூச்சு வாங்கினேன், மறுபடி போனேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே வந்து பார்த்தால் கீழே அவன் இல்லை. வரிசையிலும் இல்லை. தலைக்கு மேலே லிஃப்டில் போய்க்கொண்டிருந்தான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவனிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு. கீழே பார்க்கவேயில்லை.

வரிசையில் நின்றபடி சிரித்தேன். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து அவரும் சிரித்தார்.

பிப்ரவரி 23

மூட்டு லேசாகக் கனக்கிறது. பரவாயில்லை.

காலையில் கால்வின் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

"நேத்து மூணாவது சுத்துல நீ ஏன் எனக்காக நிக்கலை?"

கத்தி ரொட்டியிலேயே நின்றது. உண்மையாகவே யோசித்தான்.

"நிக்கலையா?" என்றான்.