ஊர்க்கூட்டத்தில் உனக்கும் ஓர் இடம்

என் பிரியமான முத்தம்மா அக்கா,

பெரிய மார்க்கெட்டில் உன் இடத்தை நான் இன்னும் யாருக்கும் விடவில்லை. என் மீன் கூடையை நகர்த்தி வைத்து அடைத்துக்கொள்கிறேன். ஐந்தாவதோடு நின்றவள் நான், எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். உனக்குப் படிக்கவே தெரியாது. அங்கே யாராவது படித்துக் காட்டட்டும்.

டில்லியிலிருந்து அந்தத் தலைவர் வந்து பேசிய நாள் நினைவிருக்கிறதா? ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உரிமை என்றார். நீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவரே சொல்லிட்டாரு. இனிமே ஊர்க்கூட்டத்துல நம்மளயும் உக்கார வைப்பாங்கடி" என்றாய். உன் புருஷன் போன கையோடு கொழுந்தன் உன் படகை இழுத்துக்கொண்டு போயிருந்த நேரம் அது.

மறுநாளே ஊர்த்தலைவரிடம் போய்க் கேட்டாய். அவர் சிரித்தார். "அவரு டில்லிக்குத் தலைவரு. இங்க பொம்பளைங்க சார்பா வூட்டு ஆம்பளதான் பேசணும். அதான் வழக்கம்." உன் வீட்டு ஆம்பளை யார்? அந்தக் கொழுந்தன்தானே! உன் வழக்கை உனக்காக அவனே பேசினான். சாகும்வரை அந்தப் படகு உனக்குத் திரும்பவில்லை.

அந்தத் தலைவர்மேல் எனக்குக் கோபமில்லை அக்கா. மனசாரத்தான் பேசினார். சட்டம்கூட வந்தது என்றார்கள். ஆனால் டில்லியில் புறப்பட்ட அந்தச் சொல், நம் குப்பத்துப் பூவரச மரத்தடியில் கூடியிருந்த ஆம்பளைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அதற்கு மேல் அவர் என்ன செய்வார், சொல்லு. அவரே வந்து நமக்குப் பாய் விரிப்பாரா?

இப்போது சேதி கேள். நீ இடுப்பில் தூக்கித் திரிந்தாயே என் பேத்தி செல்வி, அவள் புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவள் கொழுந்தனும் படகை எடுத்துக்கொண்டான். கூட்டத்தில் அவளுக்காக அவன்தான் பேசுவான் என்றார்கள். அப்போது அவள் அழவில்லை. "படகு அப்பறம், ஆயா. மொதல்ல நான் பேசணும்" என்றாள்.

மறுநாள் படகுகள் கரைக்கு வந்தன. ஒருத்தியும் கூடையை எடுக்கவில்லை. செல்வி சொன்னபடி எல்லாரும் மணலில் உட்கார்ந்துவிட்டோம். வெயில் ஏறியது. ஆம்பளைகள் எங்களைப் பார்த்தார்கள், மீனைப் பார்த்தார்கள். ஊர்த்தலைவரே வந்தார்.

"என்னாம்மா இது, மீனெல்லாம் வீணாப் போவுதே?"

"கொண்டுபோய் வித்துட்டு வாங்களேன்" என்றேன். "பொம்பளைங்க சார்பா இன்னிக்கி ஆம்பள விக்கட்டும்."

மணலில் இருந்த பொம்பளைகள் எல்லாரும் சிரித்துவிட்டோம். நீ இருந்திருந்தால் அந்தச் சிரிப்பில் நீதான் கடைசியாக ஓய்ந்திருப்பாய்.

சாயங்காலம் ஊர்க்கூட்டத்தில் செல்விக்குப் பாய் போட்டார்கள். கொழுந்தன் முகத்தைப் பார்த்தே பேசினாள். வெளியே நின்றிருந்த நான், பக்கத்தில் இருந்தவளிடம் "எம் பேத்தி" என்றேன். அவளுக்குத் தெரியாததா என்ன! இப்போது படகு செல்வி வாசலுக்கு எதிரே நிற்கிறது.

வழக்கு உள்ளவள் மட்டும் உள்ளே வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் இன்னும் வெளியேதான். அதற்கு யாருக்காகவும் நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. அடுத்த கூட்டத்துக்கு எல்லாருமே போகிறோம். நான் முன்வரிசையில் உட்காருவேன், என் பக்கத்தில் ஓர் இடம் விட்டு. யாராவது நெருங்கினால், "தள்ளி ஒக்காரு, ஆளு வருது" என்று சொல்வேன்.

உன் பக்கத்துக் கூடைக்காரி,
கூடப்பிறக்காத தங்கச்சி
அஞ்சலை