பந்தை விடாதவள்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் மூச்சிரைப்பு தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

பயப்படாதே. எங்கள் தையல் கம்பெனி வாலிபால் போட்டியில் எனக்கு முட்டி ஜவ்வு கிழிந்து, ஆபரேஷனும் முடிந்து விடுதிக்கு வந்துவிட்டேன்.

கிழித்தது எதிரணி இல்லை. என் அறைக்காரி, அந்த ஒட்டடைக்குச்சிதான். எனக்கு வந்த பந்து அது. "என்னுது, விடுடி" என்று கத்தினேன். விடாமல் பாய்ந்து என் கால்மேலேயே விழுந்தாள். என்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது மகராசி சர்வீஸ் போடப் போய்விட்டாள். கேட்டால், "பந்தைத்தான்க்கா பாத்தேன், உங்கள பாக்கல" என்கிறாள்.

வார்டன் அவளையே எனக்குத் துணையாகப் போட்டிருக்கிறார். சும்மா விடுவேனா? வெந்நீர் கொண்டுவந்தால் சூடு போதாது என்பேன். தலை பின்னினால் கோணல் என்று அவிழ்க்கச் சொல்வேன். நேற்று பயிற்சிக்கு ஷூ மாட்டினாள். "கால் இழுக்குதுடி" என்றேன். கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை அடுத்த போட்டி. அன்றைக்கும் இழுக்கும்.

கட்டுக்கு மேல் போட, தொளதொளவென்று இரண்டு நைட்டி அனுப்பு. காலுக்கடியில் மடித்து வைக்க உன் பழைய சேலை ஒன்றும் வேண்டும். துவைக்காமல் அனுப்பு.

ஒன்று மட்டும் உன்னோடு இருக்கட்டும். ஊன்றுகோல் இல்லாமல் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை ஜன்னலோரம் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். அவளுக்குத் தெரிந்தால் என்னை இந்த அறையில் தனியாகப் போட்டுவிட்டு ஓடிவிடுவாள். நீ போன் செய்யும்போது, என் பொண்ணு இன்னும் எழுந்திருக்கலையா என்று அவளிடம் கொஞ்சம் அழு.

படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கிறது. நான் போய்ப் படுத்து முனக வேண்டும்.

உன் மகள்