கெமிக்கல் படிக்கிற பிள்ளை

அன்புள்ள உம்மாவுக்கு ஸலாம். முட்டுவலி குறைந்ததா? நான் நலம். போனில் பேசினால் மாமி காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தத் தாராவிச் சந்தில் சட்டைக் கறை முதல் சாக்கடை அடைப்பு வரை எல்லாம் என்னிடம்தான் வருகிறது. நான் படிப்பது ஆலை நடத்த, பாத்ரூம் கழுவ இல்லை என்று யாரிடம் சொல்ல?

நேற்று பாத்ரூமில் மாமி ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றிவிட்டார். விஷப்புகை கிளம்பவும் அவரை வெளியே இழுத்துவந்தேன். பயப்படாதீர்கள், இருவருக்கும் கொஞ்சம் இருமல்தான், நின்றுவிட்டது. திட்டு மட்டும் எனக்கு: "பிரைவேட் யுனிவர்சிட்டில கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சு என்ன புள்ள பிரயோஜனம்? முன்னாடியே சொல்லக்கூடாதா?"

நீங்களும் போன வாரம் தண்ணீர்த் தொட்டிப் பாசிக்கு மருந்து கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள்.

சுக்குப்பொடி அனுப்புங்கள். காலேஜுக்குப் போகும் செம்பூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த தடவை முதலில் "சாப்ட்டியா"ன்னு கேளுங்கள். அப்புறம் பாசிக்கு வழி சொல்கிறேன்.

அஃப்ஷா