வாளையார் ஏற்றத்தில் வராத யானை

வாளையார் ஏற்றத்தின் அக்கினி மந்திரியே, கரித்தூள் சக்கரவர்த்தியே, என் தங்கை சரசுவுக்குத் தாலி கட்டிய ஒரே காரணத்தால் ஆயுள் முழுக்க என்னிடம் உதைபடாமல் தப்பிய பழனி மாப்பிள்ளையே,

செத்தவன்மேல் வழக்குப் போட முடியுமா என்று வக்கீலைக் கேட்டேன். முடியாதாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கருமாதிப் பந்தியில் உட்கார்ந்து வழக்கம்போல அந்தப் பழைய கதையை ஆரம்பித்தேன். கஞ்சிக்கோட்டிலிருந்து சரக்கு வண்டி ஏறுகிறது. இமயமலையே குறுக்கே வந்து படுத்ததுபோல் ஏற்றம். கடலைக் கவிழ்த்தது மாதிரி மழை. டிரைவர் நான், பயர்மேன் நீ. நடு ஏற்றத்தில் நீராவி இன்ஜின் நின்றுவிட, நான் ஊதிய ஊதலுக்குக் காட்டிலிருந்து ஒரு கொம்பன் யானை வந்து, மொத்த வண்டியையும் நெற்றியால் முட்டி மேலே தள்ளிவிட்டுப் போகிறது!

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த உன் மகள் செல்வி சிரித்தாள். "போதுங்க மாமா. யானையும் வரல, பூனையும் வரலீன்னு அப்பா ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. எல்லாம் உங்க மாமன் உட்ட புளுகுன்னாங்க."

பந்தியே சிரித்தது. அடப்பாவி, அந்த யானையைக் கேட்டது யார்?

அன்று நிஜமாக நடந்தது உனக்கும் எனக்கும்தான் தெரியும். தண்டவாளத்தில் நனைந்த தேக்கிலை. சக்கரம் பிடிக்காமல் நின்ற இடத்திலேயே சுற்றியது. சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தில் மணல் தூவும் பெட்டிக்குள் ஈரம் இறங்கிக் குழாய் அடைத்துவிட்டது. ஆவியைக் கூட்டினால் வழுக்கும், குறைத்தால் வண்டி பின்னால் இறங்கும். நீ கரியை நிறைய அடித்துவைத்துவிட்டு, காய்ந்த மணல் வாளியோடு இறங்கினாய். இன்ஜினுக்கு முன்னால், தண்டவாளங்களுக்கு நடுவில், இரண்டு பக்கமும் பிடிபிடியாகத் தூவிக்கொண்டே நடந்தாய்.

பாய்லர் உன்னை மறைத்தது. குரல் மட்டும் வந்தது. "வாங்க மச்சான்... வாங்க..." சக்கரத்துக்கு முன்னால் நடக்கிறவனுக்கு மரியாதை என்னடா மரியாதை! குரல் நின்றால் நானும் நிறுத்த வேண்டும். நீ இடறியிருந்தால் நிறுத்தியிருப்பேனா?

வாளையார் வந்ததும் நீதானே கெஞ்சினாய்? "சரசுகிட்டச் சொல்லீராதீங்க மச்சான், அப்பறம் வேலைக்கே உடமாட்டா. வேற ஏதாச்சும் சொல்லுங்க." ஏதாச்சும் என்றால் நான் எலியையா கொண்டுவருவேன்? அன்றிலிருந்து ஊருக்கு நான் யானை மாமா.

யானை இல்லை என்று சொன்னவன், வண்டியை ஏற்றிவிட்டது யார் என்றும் சொல்லிவிட்டல்லவா போயிருக்க வேண்டும்? நம் ரகசியத்தில் என் பாதியை மட்டும் உடைத்துவிட்டு, உன் பாதியைக் கையோடு கொண்டுபோய்விட்டாயே, துரோகி!

பொறுக்க முடியாமல் நடந்ததை அப்படியே சொன்னேன். முதல்முறையாக ஒன்றும் கூட்டவில்லை. செல்வி என் தோளைத் தட்டினாள். "இதுக்கு அந்த யானையே தேவலைங்க மாமா."

சரசு மட்டும் சிரிக்கவில்லை. கை கழுவும் இடத்துக்குப் பின்னாலேயே வந்தாள். "ஏனுங்கண்ணா, எவ்வளவு தூரமுங்க நடந்தாங்க?"

டெல்லிவரைக்கும் என்று சொல்ல நாக்குத் துடித்தது. "தெரியலையாத்தா. மழை. கொரல் மட்டும் நிக்கவே இல்ல" என்றேன். அவள் குழாயை மூடாமலே நின்றுகொண்டிருந்தாள்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆனால் ஒரு வாக்கு. இனி யார் சிரித்தாலும் அந்த ஏற்றத்தில் உன்னைத்தான் நடக்கவிடுவேன். ஒரு பிடி மணல்கூடக் கூட்டிச் சொல்லமாட்டேன்.

பாய்லருக்கு இந்தப் பக்கம் இன்னும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்,
உன் மச்சான்